மூழ்குவித்தலும் ஈடுபடுத்தலும்: தீவகப் பாடசாலைகளில் ஆங்கிலங் கற்பித்தல்

இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பித்தல் பற்றி எழுதுவோர் அண்மைக் காலத்தில் இரண்டு சொற்களைப் பெரிதும் கையாளுகின்றனர். ஒன்று மாணவனை அம்மொழியில் மூழ்குவித்தல். மற்றொன்று அவனைப் பாடத்தில் ஈடுபடுத்தல். இவ்விரண்டும் ஒன்றே எனக் கொள்வாருமுளர். முன்னது நிகழ்ந்தாற் பின்னது தானே வரும் எனக் கொள்வாருமுளர். நகரப் பாடசாலைகளில் இக்கொள்கை எவ்வாறாயினும் ஆகுக. பண்ணைத் தாம்போதியைக் கடந்து மண்டைதீவில் வைத்து இதனைச் சோதித்துப் பார்த்தல் தகும். ஒரு கொள்கையின் வலியும் மெலிவும் அதற்கு வாய்ப்பான இடத்திலன்று, வாய்ப்பில்லாத இடத்திலேயே நன்கு புலப்படும்.

மண்டைதீவு யாழ்ப்பாண நகருக்கு மிக அண்மையிலுள்ள தீவு. பண்ணையிலிருந்து வேலணை நோக்கிச் செல்லும் பாதையிற் கிளைக்கும் வழி அதனை நகரோடு இணைக்கின்றது. ஆயினும் மொழியைப் பொறுத்தவரை அது நகரிலிருந்து மிகத் தொலைவிலுள்ளது எனலாம். மீன்பிடியும் தோட்டமும் அங்குள்ளோர் தொழில். வீட்டிலும் கோயிலிலும் கரையிலும் வழங்குவது தமிழே. 1990இல் தீவுப் பகுதியில் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கையின்போது குடிகள் இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தோர் பலர், வாராது கடல் கடந்தோரும் பலர். எஞ்சிய ஊரில் ஆங்கிலம் பேசி வாழும் வாழ்க்கை எதுவுமில்லை. அங்குள்ள பிள்ளை ஆங்கிலத்தைச் செவியுறுவது பெரும்பாலும் பாடசாலையில் ஒரு பாடவேளை மட்டுமே. அவனைச் சூழ்ந்திருப்பது தமிழ்க் கடல். ஆங்கிலமோ நாள்தோறும் தலையில் தெளிக்கப்படும் சிறிது நீர். தெளித்த நீரில் ஒருவனை எவ்வாறு மூழ்குவிப்பது? மூழ்குவித்தற் கொள்கையினர் விடை கூறவேண்டிய முதல் வினா இதுவே.

அவர்களுட் சிலர் விடையைக் கடந்த காலத்திற் காண்பர். அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். டானியல் பூர் பாதிரியாரை முதல் அதிபராகக் கொண்டு 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிற்று. மறு ஆண்டில் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை எழுந்தது. செமினரி மாணவர் வீட்டை விட்டு நீங்கி விடுதியில் உறைந்தனர். உணவும் வழிபாடும் மிசனரிமாரின் கண்பார்வையில் நிகழ்ந்தன. அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களையும் பலர் பூண்டனர். மூழ்குவித்தல் என்பதற்கு இதனினும் முழுமையான எடுத்துக்காட்டு இந்நாட்டில் இல்லை. இதன் பயனாகவே யாழ்ப்பாணத்தவர் ஆங்கிலத்தில் வல்லவராயினர். அதனை மீண்டும் செய்தால் அப்பயன் மீண்டும் கிட்டும் என்பது அவர் வாதம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் முதன்முதலாக நடத்திய பி. ஏ. தேர்விற் சித்தியெய்தியோர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் ஆவர். இருவரும் வட்டுக்கோட்டையின் மாணவர். இதனை அவர் முதற்சான்றாகக் காட்டுவர்.

சான்று மெய்யே, அதிலிருந்து பெறப்படும் முடிபுதான் ஐயத்துக்குரியது. செமினரியிற் கற்பிக்கப்பட்டது ஆங்கிலம் மட்டுமன்று. தமிழ் இலக்கண இலக்கியங்களும் கணிதமும் வானசாத்திரமும் அங்குப் பாடங்களாயிருந்தன. 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே தாங்கிய ஏடு. அதனை முதலில் நடத்திய ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் அக்கலாசாலையிற் பயின்ற தமிழரே. பிற்காலத்தில் அதிபராயிருந்த ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் வெளியிட்டார். அவ்வாறாயின் அங்கு நிலவியது ஒரு மொழியின் ஆட்சியன்று. இரு மொழிகளின் ஓயாத பண்டமாற்று. அங்கிருந்து வெளிப்போந்த தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்தார் என்பதை நோக்குக. தமிழை இழந்து ஆங்கிலம் பெற்றவராயின் அப்பணி அவரால் இயன்றிராது.

மேலும் ஒன்று. 1829இல் ஒரு சந்திர கிரகணக் கணிப்புத் தொடர்பாகப் பூர் பாதிரியார் பக்கத்தார்க்கும் பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியாருக்குமிடையே வாதம் எழுந்தது. எந்நேரத்திற் கிரகணம் தோன்றும், எவ்வளவு மறையும் என்பதே வினா. பாதிரியாரின் உள்நோக்கம் சமயம் பற்றியது என்பதிற் சந்தேகமில்லை. ஆயினும் கற்பித்தல் நோக்கிற் பார்ப்போர்க்கு இந்நிகழ்ச்சி வேறொன்றை உணர்த்துகின்றது. அன்றைய மாணவனுக்கு ஆங்கில வானசாத்திர நூல் மனனஞ் செய்வதற்குரிய பாடமாக மட்டும் இருந்திராது. தன் ஊரார் அனைவரும் அண்ணாந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரு வினாவுக்கு விடை தேடும் கருவியாகவும் இருந்திருத்தல் வேண்டும். விடுதி மதிலைக் காட்டிலும் இத்தகைய வினாக்களே அவன் ஆங்கிலத்தை வளர்த்தன எனக் கொள்ளுதல் பொருந்தும்.

மதிலின் விலையும் சிறிதன்று. ஆங்கிலத்தில் மூழ்குவதும் ஞானஸ்நானம் பெறுவதும் அங்கு ஒரே கரையிற் செய்யப்பட்டன. வீட்டினின்று பிரிக்கப்பட்ட பிள்ளை வீட்டார்க்கு அயலானாகத் திரும்பினான். நல்லூர் ஆறுமுகநாவலர் வெசிலியன் மிசன் பாடசாலையில் ஆங்கிலங் கற்று, பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர். அவரே 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவ முன்வந்தமைக்கும், பின்னர் 1872இற் சைவச் சூழலில் ஆங்கிலங் கற்பிக்கும் பாடசாலையொன்றைத் தொடங்கியமைக்கும் காரணம் இதுவே. அம்முயற்சி நீடிக்கவில்லையெனினும், ஆங்கிலம் வேண்டும், அதற்காக வீட்டை விலையாகக் கொடுத்தல் வேண்டா என்ற அதே எண்ணமே பின்னாளில் இந்துக் கல்லூரிகளாக உருக்கொண்டது. செமினரியையோ அதனை நிறுவிய சங்கத்தாரே 1855இல் மூடினர். ஆங்கிலக் கல்வி உத்தியோகம் நாடுவோரைப் பெருக்கிற்றேயன்றி ஊர்களிற் சமயப்பணி செய்வோரைத் தரவில்லை என்பது அமெரிக்காவிலிருந்து வந்த அண்டர்சன் குழுவினரின் குறை. மூழ்குவித்தலைப் போற்றுவோர் இம்முடிவை நினைவுகூர்வது அரிது.

இனி, இக்கொள்கைக்கு இக்காலத்தில் அடிப்படையாகக் காட்டப்படுவது கனடாவின் அனுபவம். மொன்றியல் நகரையடுத்த சென் லம்பேட் என்னுமிடத்தில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளுக்கு முதல் வகுப்புகளிலிருந்தே பிரெஞ்சு மொழியிற் கல்வி புகட்டுமாறு கேட்டு, 1965இல் அவ்வாறு தொடங்குவித்தனர். வொலஸ் லம்பேட் என்னும் உளவியலறிஞர் அதனைப் பல்லாண்டு ஆராய்ந்தார். பிள்ளைகள் பிரெஞ்சில் நல்ல தேர்ச்சி பெற்றனர். அவர்தம் ஆங்கிலமும் குன்றவில்லை. இப்பெறுபேறு உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால், அப்பிள்ளைகளின் தாய்மொழி அக்கண்டத்தின் வலிமை மிக்க மொழி என்பதும், வகுப்பிலே தொடக்கத்தில் அவர்கள் ஆங்கிலத்தில் விடையிறுத்தல் தடுக்கப்படவில்லை என்பதும், ஆசிரியர் இருமொழியும் அறிந்தவர் என்பதும் அத்துணை பரவலாகப் பேசப்படவில்லை. லம்பேட் அவர்களே இருமொழிப் பேற்றை இரு வகையாகப் பிரித்தார்: ஒரு மொழிமேல் மற்றொன்று கூடுவது ஒருவகை, ஒன்று வர மற்றொன்று கழிவது பிறிதொருவகை. இரண்டாம் வகையைக் காண விரும்புவோர் ரொறன்ரோவுக்குச் சென்று, தீவகத்திலிருந்து குடிபெயர்ந்தோர் வீடுகளில் நோக்கலாம். அங்குள்ள பேரன் மெய்யாகவே ஆங்கிலத்தில் மூழ்கியவன். மண்டைதீவிலிருக்கும் பாட்டியோடு தொலைபேசியில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேச அவனால் இயலாதிருத்தல் அருமையன்று.

ஆகவே மண்டைதீவுக்கு மூழ்குவித்தல் கிட்டாதது. கிட்டினும் அப்படியே கொள்ளத்தக்கதன்று. ஈடுபடுத்தல் என்னும் மற்றைச் சொல்லே எஞ்சுகின்றது. அதனையும் சோதித்தல் வேண்டும்.

இலங்கையில் ஆங்கிலம் முறையான பாடமாக 3ஆம் வகுப்பிற் தொடங்குகின்றது. அதற்கு முன்னரே பிள்ளையின் செவி பழகட்டும் எனக் கருதி, செயற்பாடுகளோடு கூடிய வாய்மொழி ஆங்கிலம் 1999ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் வழியே 1ஆம் வகுப்பிற் புகுத்தப்பட்டது. நோக்கம் நன்று. ஆட்டமும் பாட்டும் சிறார்க்கு இயல்பானவை, அச்சமும் தெளியும். ஆனாற் பல வகுப்புகளில் நிகழ்வது யாது? பிள்ளைகள் கைகொட்டிப் பாடுகின்றனர். பாடலின் பொருளையோ அறியார். நாவின் பயிற்சி நிகழ்கின்றது, அறிவு உறங்குகின்றது. ஈடுபாடு என்பதைக் களிப்பு என மாத்திரம் பொருள் கொண்டதால் வந்த பிழை இது. வங்காளத்தில் ஆங்கிலக் கல்வியை ஆராய்ந்த மைக்கல் வெஸ்ற் 1926ஆம் ஆண்டு அறிக்கையில் ஓர் அளவுகோல் தந்தார்: காப்புறுதியை இடையிற் கைவிட்டவனுக்கும் ஒரு தொகை மீள்வது போல, படிப்பை இடையில் நிறுத்திய மாணவனுக்கும் கற்ற மொழியில் எஞ்சும் பயன் ஒன்று இருத்தல் வேண்டும். தந்தையோடு கடலுக்குப் போவதற்காகப் பள்ளியை விட்ட பையனிடம், பாடிய பாட்டினால் எஞ்சுவது யாது என இக்கேள்வியை வினவலாம்.

ஈடுபாட்டுக்கு வேறொரு பொருள் கண்டவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய இடங்களில் சாதாரணப் பாடசாலைகளில் அவரும் அவர் துணைவரும் நடத்திய பரிசோதனை, 1987இல் அவர் எழுதிய நூலில் விரித்துரைக்கப்பட்டுள்ளது. கடலூர் ஒரு தமிழ்க் கரையூர் என்பதும், வகுப்புகள் சிறியனவல்ல என்பதும் கவனிக்கத்தக்கன. பிரபு இலக்கணப் பாட வரிசையையும் ஒதுக்கினார். பாட்டையும் நாடகத்தையும் நம்பவில்லை. மாணவன்முன் ஒரு கணக்கை வைத்தார். எண் கணக்கன்று, நியாயக் கணக்கு. புகையிரத நேரசூசி, ஊர்ப்படம், நாட்காட்டி முதலியவற்றைத் தந்து, இன்ன நேரத்துக்கு இன்ன இடத்தை அடைய எவ்வண்டியிற் புறப்படல் வேண்டும் என்பது போல வினவினார். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுமையோடும் ஆங்கிலத்தில் உசாவி ஒரு கணக்கைத் தீர்ப்பார். பின்னர் அதனையொத்த மற்றொன்றை மாணவன் தானே தீர்ப்பான். அவன் விடை சரியா என்பதற்கே புள்ளி. சொன்ன வாக்கியம் வழுவற்றதா என்பதற்கன்று. வழு வந்தால் ஆசிரியர் சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகத் தாம் சொல்லிச் செல்வார். பேசியே தீரவேண்டும் என்ற நெருக்குதலும் இல்லை. விளங்கிக்கொள்ளல் முந்தியது, பேச்சு அதன் பின்னது. இன்று எங்கும் புகழப்படும் குழுவேலையையும் அவர் விரும்பவில்லை. அரைகுறை ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் ஒருவர் மொழியையொருவர் கேட்டால் அரைகுறையே உறைந்துவிடும் என்பது அவர் அச்சம். அது சிந்திக்கத்தக்க அச்சம்.

இம்முறையைத் தீவகத்துக்குக் கொணர்வதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகுகளின் நேரம் ஒரு தாளில். யாழ்ப்பாணத்திலிருந்து அத்துறைக்கு வரும் பேருந்துகளின் நேரம் மற்றொரு தாளில். மண்டைதீவுச் சந்தியில் ஏறும் ஒருவர் நாகபூசணி அம்மன் கோயிலில் உச்சிக்காலப் பூசை கண்டு, பொழுது சாயுமுன் வீடு திரும்புதல் இயலுமா? இரண்டாவது பேருந்து தவறினால் என் செய்வது? இவ்வினாவை மண்டைதீவுப் பிள்ளை லண்டன் நகரத்துப் பிள்ளையினும் விரைவிற் தீர்ப்பான். காற்று எழுந்தாற் படகு விடமாட்டார்கள் என்று தாளில் இல்லாத ஒன்றையும் எடுத்துரைப்பான். அவன் அறிவு முன்னே நிற்க, ஆங்கிலம் அதன் பின்னே இழுபட்டு வரும். பாடநூலின் பனிமனிதனுக்கும் அப்பிள் பழத்துக்கும் இவ்வாற்றல் இல்லை.

எனினும் பிரபுவின் முறை குறையற்றதன்று. 1985இல் வெளிவந்த மதிப்பீட்டிற் பெறெற்றாவும் டேவிசும் இம்முறையிற் பயின்றோரையும் வழக்கமான முறையிற் பயின்றோரையும் ஒப்பிட்டனர். கிடைத்த விளைவு எதிர்பார்க்கத்தக்கதே: செயல்வழிச் சோதனையில் முன்னவர் மேம்பட்டனர், அமைப்புவழிச் சோதனையிற் பின்னவர் மேம்பட்டனர். அவரவர் பயின்றதில் அவரவர் வென்றனர். சாதாரண தரப் பரீட்சையில் எழுத்துத் தாளே தீர்ப்பு வழங்கும் நாட்டில் இவ்வேறுபாடு சிறியதன்று. புள்ளியிழந்த பிள்ளைக்கு முறையின் நயத்தைக் கூறி ஆறுதல் சொல்லல் இயலாது. மேல்வகுப்புகளில் இலக்கணமும் எழுத்தும் வெளிப்படையாகக் கற்பிக்கப்படல் வேண்டும் என்பதை இம்முறையின் அன்பர் ஒப்புக்கொள்ளல் நன்று.

இதனினும் பெரிய இடர் ஆசிரியரைப் பற்றியது. பாடநூலின் வாக்கியத்தைப் படித்துக் காட்டுவதற்கு ஓரளவு ஆங்கிலம் போதும். மாணவனின் எதிர்பாராத விடைக்கு உடனே ஆங்கிலத்தில் எதிர்வினா எழுப்புதற்கு அது போதாது. பரிசோதனையை வகுத்தோர் கையில் இம்முறை நன்கு நடந்தது. வழக்கமான வகுப்பாசிரியர் கையில் அது தளர்ந்தது எனப் பிற்கால ஆய்வு காட்டுகின்றது. தீவகத்துக்கு நியமனம் பெறும் ஆங்கில ஆசிரியர் அங்குத் தங்காது நகருக்கு இடமாற்றம் வேண்டி நிற்பது யாவருமறிந்த செய்தி. அவரைக் குறை கூறிப் பயனில்லை, நெடுந்தீவுக்கு நாள்தோறும் கடல் கடப்பது எளிதன்று. ஆயினும் இருக்கும் ஆசிரியரிடம் மொன்றியலில் வேண்டப்பட்ட ஒரு தகுதி ஏற்கெனவே உண்டு. அவர் பிள்ளையின் மொழியை அறிந்தவர். தமிழில் வந்த விடையைக் கேட்டு, ‘சரி’ எனத் தலையசைத்து, அதனையே ஆங்கிலத்திற் திருப்பிச் சொல்ல வல்லவர். வகுப்பிற் தமிழ் பேசினாற் குற்றம் எனத் தண்டம் விதித்த பழைய பாடசாலைகள் இத்தகுதியைத் தாமே அழித்தன. மூழ்குவித்தலின் பெயரால் அதே தடையை இன்று புதுப்பிக்கும் தனியார் வகுப்புகளும் அதனையே செய்கின்றன.

கல்வியியற் கல்லூரிகளின் பயிற்சிப் பாடத்தில் இத்திறமை தனியாகக் கற்பிக்கப்படல் வேண்டும்: எப்பொழுது தமிழை ஏற்பது, ஏற்றதை எவ்வாறு ஆங்கிலமாக்கித் திருப்புவது, எவ்விடத்தில் ஆங்கிலத்தையே எதிர்பார்ப்பது. வினாத் தாள்களை வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டுவதில்லை. படகு நேரமும், மீன் நிறையும் விலையும், ஏழு தீவுகளின் படமும், பிறநாட்டிலுள்ள உறவினர்க்கு எந்நேரத்தில் அழைப்பு எடுத்தால் அங்கு விடிந்திருக்கும் என்ற கணக்கும் அவ்வூரிலேயே உள்ளன. அவற்றை எளிமை நோக்கி வரிசைப்படுத்தி, ஆண்டு முழுவதற்கும் போதுமான தொகுதியாக்கித் தரும் ஆசிரியர் குழு ஒன்றே இப்பொழுது இல்லாதது.