முன்னொட்டாக நிற்கும் ‘கருப்பு’: விருத்தாசலமும் நாயகத் தலைமையின் தலைமுறை மாற்றமும்

2006 சட்டமன்றத் தேர்தலில் தனித்துப் போட்டியிட்ட தேசிய முற்போக்கு திராவிடக் கழகம் ஏறத்தாழ 8 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. வென்ற தொகுதி ஒன்றே. பீங்கான் தொழிற்பேட்டையால் அறியப்படும் விருத்தாசலத்தில், அப்போதைய சட்டமன்ற உறுப்பினரான பாட்டாளி மக்கள் கட்சி வேட்பாளரைக் கட்சி நிறுவனர் விஜயகாந்த் தோற்கடித்தார். அவரைத் தொண்டர்கள் ‘கருப்பு எம்.ஜி.ஆர்.’ என்றழைத்தனர். இத்தொடரில் ‘கருப்பு’ ஆற்றும் பணி யாது? அது பெருமிதமா, இரண்டாமிடத்தின் அடையாளமா?

இவ்வினாவுக்கு அமெரிக்கச் சித்திரக்கதைகள் ஓர் ஒப்பீட்டுத் தளத்தைத் தருகின்றன. 1966இல் தோன்றிய ‘பிளாக் பேந்தர்’, 1977இல் தோன்றிய ‘பிளாக் லைட்னிங்’ ஆகியோருக்கு நிறமே பெயரின் முற்பகுதி. ஏற்கெனவே இருந்த வெள்ளை நாயகர் உலகினுள் நுழைவதற்கு அவர்கள் காட்ட வேண்டியிருந்த சீட்டு அது. 2011இல் அறிமுகமான மைல்ஸ் மொராலெஸ் எந்த முன்னொட்டுமின்றி ‘ஸ்பைடர்மேன்’ ஆகிறான். 1969இல் துணை நாயகனாக வந்த சாம் வில்சன் 2014இல் ‘கேப்டன் அமெரிக்கா’ பட்டத்தை ஏற்கிறான். 1972இல் கூலிக்கு உழைக்கும் நாயகனாகத் தொடங்கிய லூக் கேஜ், அரை நூற்றாண்டு கழித்து நியூயார்க் நகர மேயராகிறான். அடிமைமுறையின் வரலாற்றைச் சுமக்கும் அமெரிக்கக் கருப்பும் தமிழ்த் திரையின் மாநிறமும் ஒன்றல்ல. இங்கு ஒப்பிடப்படுவது பெயரிடும் முறை மட்டுமே.

எம்.ஜி.ஆரின் நாயகன் ‘படகோட்டி’யிலும் (1964) ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்திலும் (1971) உழைப்பாளி. அவனது செந்நிறம் உழைப்பாளியின் உடலுக்கு ஒரு கனவுப் பூச்சாக அமைந்தது. விஜயகாந்தின் நாயகனுக்கு அப்பூச்சு இல்லை. பார்வையாளரின் நிறமே அவன் நிறம். ஆயினும் ‘புலன் விசாரணை’ (1990), ‘கேப்டன் பிரபாகரன்’ (1991) ஆகியவற்றில் அவன் அரசதிகாரத்தின் கையாள். தோற்றத்தில் மக்களை நெருங்கிய தலைமுறை, தொழிலில் அவர்களிடமிருந்து விலகிக் காக்கிக்குள் புகுந்தது. இம்முரணைப் பலரும் கவனிப்பதில்லை. தொல்காப்பிய உரியியல் கறுப்பு, சிவப்பு இரண்டையுமே சினத்தின் சொற்களாகக் கொள்வது இங்கு நினைக்கத்தக்கது: இவ்விரு நாயகர்க்கும் பொதுவானது நிறமன்று, சினமே. ஒருவர் அதை முதலாளியின் மீதும் நிலக்கிழாரின் மீதும் திருப்பினார். மற்றவர் தீவிரவாதியின் மீதும் ஊழல் அதிகாரியின் மீதும் திருப்பினார்.

விஜயகாந்துக்கு இரு பெயர்கள் வாய்த்தன. ‘கருப்பு எம்.ஜி.ஆர்.’ கடன்பெற்றது, ‘கேப்டன்’ தம் நூறாவது படத்தால் ஈட்டியது. கடன்பெற்ற பெயர் கோட்டையை நோக்கிய உரிமைகோரல். அதற்கு விருத்தாசலம் ஒரு படிக்கட்டாகவே அமைந்தது. சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோதே அவர் இயக்கி நடித்த ‘விருத்தகிரி’ (2010) இதற்குச் சான்று. ஊரின் தொன்மையான பெயரை நாயகனுக்குச் சூட்டிய அப்படம், ஆஸ்திரேலியாவில் கடத்தப்படும் பெண்ணைக் காவல் அதிகாரி மீட்பதைச் சொல்கிறது. மணிமுத்தாறும் சூளைகளும் அதன் அக்கறைகள் அல்ல. பெயர் பயணம் போயிற்று, ஊர் போகவில்லை. 2011இல் அவர் ரிஷிவந்தியத்தில் நின்று வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். அவ்வாண்டு விருத்தாசலம் மீண்டும் அவரது கட்சிக்கே வாக்களித்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். வாக்காளர் ஏமாந்தனர் என்னும் எளிய முடிவு இங்குப் பொருந்தாது.

நாயகனைக் கீழிருந்து காணும் எழுத்து இதே ஊரில் பிறந்திருக்கிறது. விருத்தாசலத்தில் வாழும் இமையத்தின் ‘வாழ்க வாழ்க’, தேர்தல் கூட்டத்துக்குக் கூலிக்கு அழைத்துவரப்பட்ட பெண்கள் கடும் வெயிலில் தலைவிக்காகக் காத்திருப்பதை எழுதுகிறது. சித்திரக்கதையில் கட்டத்துக்கு வெளியே நிறுத்தப்படும் கூட்டம் இங்குக் கதையின் நடுவில் அமர்ந்திருக்கிறது: தாகமும் சிறுநீர் கழிக்க இடமின்மையும் சாதிப் பூசலுமாக. நாயகத் தலைமை பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் மேடையிலிருந்தே எழுதப்படுவதால், இப்புதினத்தை அரசியல் நையாண்டி என்று சுருக்கிவிடுகின்றன. நையாண்டிக்குரிய தொலைவு அதில் இல்லை. அப்பெண்களுக்குத் தலைவியின் நிறமோ பட்டமோ பொருட்டில்லை. வெயில் தாழ்வதற்குள் பேசி முடிப்பாரா, பேசிய கூலி கைக்கு வருமா என்பவையே பொருட்டு.