கதைக் காலமும் வரலாற்றுக் காலமும்

கதையில் எதன் பின் எது நிகழ்ந்தது என்பதோடு, இரண்டிற்கும் இடையே எத்துணைக் காலம் கழிந்தது என்பதும் நோக்கத்தக்கது. நிலத்தோடு பொழுதையும் முதற்பொருளாக வைத்தார் தொல்காப்பியர். அம்மரபில் வந்தோர்க்குப் புதினத்தின் காலத்தை அளந்து பார்ப்பது புதிய வேலையன்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ அதற்குத் தக்க சான்றாகும்.

1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த இப்புதினம், ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் ஓலை சுமந்து செல்வதும், ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் மடிவதும், அருள்மொழி தன் முடியை உத்தம சோழனுக்கு விட்டுக் கொடுப்பதும் சில திங்கள்களுக்குள் நடந்து முடிகின்றன.

வரலாற்றின் கணக்கு வேறு. கரிகாலன் கொலையுண்டது ஏறத்தாழ 970ஆம் ஆண்டளவில். அருள்மொழி இராசராசனாக அரியணை ஏறியது 985இல். இடையே கழிந்தவை ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள். கொலை செய்த துரோகிகளின் உறவினருடைய உடைமைகளைப் பற்றிய அரசாணை, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. அக்கல்வெட்டு இருப்பது காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில். கதை தொடங்கும் ஏரிக்கு அண்மையிலேயே, கதை சொல்லாமல் விட்ட காலத்தின் சான்றும் நிற்கிறது.

காலத்தைச் சுருக்கியதால் கல்கி பெற்ற பயன் பெரிது. நாள்கள் குறைவாதலின் ஒவ்வொரு நாளுக்கும் கனம் கூடுகிறது. தூதன் ஒருவன் ஓரிரவு தாழ்ந்தாலும் நாட்டுக்குக் கேடு வருமோ என்று படிப்பவர் நெஞ்சு பதைக்கிறது. வாரந்தோறும் காத்திருந்து படித்தவர்க்கென எழுதிய கதைக்கு இந்நெருக்கம் இன்றியமையாதது. இதனைக் குறையென்பார் புதினத்தின் இயல்பை அறியாதவர்.

ஆயினும் இப்பயனுக்கு ஒரு விலை உண்டு. ஐந்தாம் பாகத்தின் பெயர் ‘தியாக சிகரம்’. அத்தியாகம் அவையில் ஒரு வேளையில் நிகழும் வியத்தகு செயலாகவே காட்டப்படுகிறது. குடிகள் வேண்டியும், சிற்றப்பன் முறையினனான உத்தம சோழன் நாட்டை விரும்பும் வரையில் அருள்மொழி அதனை விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. முடியை ஒருநாள் மறுப்பது அரிது. மறுத்தபின் பதினைந்து ஆண்டுகள் மனம் திரியாது காத்திருப்பது அதனினும் அரிது. அக்காத்திருப்பு தொடங்குமிடத்தில் கதை நின்றுவிடுகிறது. பின்னிகழ்வுகள் சில முடிவுரையில் கூறப்படினும், அவை செய்தியாக நிற்கின்றனவேயன்றிக் கதையாக உயிர் பெறவில்லை.

மற்றொன்றும் உண்டு. அந்நெடிய இடைவெளியே உத்தம சோழன்மீது ஐயம் எழக் காரணமாயிற்று. நீலகண்ட சாஸ்திரியார் அவ்வாறு ஐயுற்றார்; பிறர் மறுத்தனர். இடைவெளி கதையில் இல்லாமற் போகவே, தண்டனை ஏன் தாழ்ந்தது என்ற வினாவும் படிப்பவர் மனத்தில் எழுவதில்லை. காலத்தை நீக்கியபோது வழக்கும் உடன் நீங்கிற்று.

காலமுறை கதையின் சுவையையே மாற்றும் என்பதற்குக் கல்கியின் பிற நூல்களும் சான்று. காலத்தால் பிந்திய ‘பார்த்திபன் கனவு’ முதலில் வந்தது. முந்திய காலத்தைக் கூறும் ‘சிவகாமியின் சபதம்’ பின்னர், 1944இல் தொடங்கியது. முதல் நூலில் நரசிம்மரைப் பேரரசராகக் கண்டவர்க்கு, இரண்டாவதில் அவர் வெல்வாரா என்ற ஐயமில்லை. எவ்விலை கொடுத்து வென்றார் என்பதே அவர்கள் நோக்காகிறது.

பொன்னியின் செல்வன் 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமாக வந்தபின் மாணவர் பலர் அக்கதையை அறிவர். அதனையே சோழர் வரலாறென்று விடைத்தாளில் எழுதும் மாணவனைக் கடிந்து பயனில்லை. ஆசிரியர் கரும்பலகையில் இரு நிரல்கள் வரைக. ஒன்றில் கதையின் திங்கள்களையும், மற்றொன்றில் கல்வெட்டின் ஆண்டுகளையும் எழுதுக. இரண்டாம் நிரலில் நீண்டு கிடக்கும் வெற்றிடத்தை மாணவன் தானே காண்பான். அவ்வாண்டுகளில் அருள்மொழி என்ன எண்ணியிருப்பான் என்று அவன் வினவுவானாயின், அவனுக்கு வரலாறும் விளங்கிற்று, இலக்கியமும் விளங்கிற்று எனலாம்.