பெயரில் இருக்கும் பொய்: யூடெவ் விதியின் "ரன்"

யூஎஸ்பி டிஸ்கைச் செருகினால் பேக்கப் தானாக ஓட வேண்டும். லினக்ஸில் இதற்கு யூடெவ் விதி ஒரே வரிதான்: வெண்டார் ஐடி, பிராடக்ட் ஐடி, கடைசியில் "ரன்" என்று போட்டு ஸ்கிரிப்டின் பாதை. நானும் அப்படித்தான் எழுதினேன். மூன்று மாதம் லாகில் "பேக்கப் முடிந்தது" என்றே வந்தது. அப்புறம் லேப்டாப்பின் எஸ்எஸ்டி செத்துப்போனது. யூஎஸ்பி டிஸ்கில் பார்த்தால் அந்த மூன்று மாதப் படங்களில் ஒன்றுகூட இல்லை. மாமனாரின் சதாபிஷேகப் படங்களும் போச்சு.

அதே ஸ்கிரிப்டைப் புது லேப்டாப்பில் ஓட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. யூடெவ் டீமனை சிஸ்டம்டி ஒரு வேலிக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறது. அங்கிருந்து டிஸ்கை மவுண்ட் பண்ண முடியாது. மவுண்ட் தோற்றதும், காலியாகக் கிடந்த டைரக்டரிக்குள், அதாவது அதே எஸ்எஸ்டியிலேயே, ஆர்சிங்க் சமர்த்தாகக் காப்பி எடுத்து வைத்திருக்கிறது! மவுண்ட் ஆனதா என்று பார்க்காதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் "ரன்" மேல் எனக்கு ஒரு குறை உண்டு. மேனுவல் எதையும் மறைக்கவில்லை. மிகச் சின்ன வேலைக்கு மட்டும்தான். மவுண்ட், நெட்வொர்க் கூடாது. பின்னணியில் தள்ளிவிட்ட புராசஸும் நிகழ்வு முடிந்ததும் கொல்லப்படும். எல்லாம் இருக்கிறது. நீண்ட வேலைக்கு வழி என்ன? அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு வேறொரு மேனுவல் பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறது. "ரன்" என்ற பெயரைப் பார்த்தவர் அவ்வளவு தூரம் போவாரா?

2003-ல் கிரெக் குரோவா-ஹார்ட்மேன் யூடெவை அறிவித்தபோது அதன் முக்கிய வேலை டிவைஸ்களுக்குப் பெயர் வைப்பது. 2012-ல் அது சிஸ்டம்டியோடு இணைந்தது. நீண்ட வேலைகளுக்கு இன்று சர்வீஸ்கள் இருக்கின்றன. பழைய சொல் மட்டும் ஆசை காட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது.

சரியான வழி இது. பேக்கப்பை சிஸ்டம்டி சர்வீஸாக எழுதுங்கள். விதியில் "ரன்" வேண்டாம். "சிஸ்டம்டி" என்று டேக் போட்டு, "சிஸ்டம்டி_வான்ட்ஸ்" என்பதில் சர்வீஸின் பெயரைக் கொடுங்கள். டிஸ்கை எஃப்எஸ்டேப்பில் "நோஆட்டோ" என்று சேர்த்து, சர்வீஸில் "ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்" வரியையும் போட்டுவிட்டால், மவுண்ட் ஆகாமல் பேக்கப் தொடங்கவே தொடங்காது.

யூடெவ் வாசல்மணி மாதிரி. மணி அடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. கதவைத் திறந்து வந்தவரை உபசரிக்க வேண்டியது வேறொருவர்.

இன்று செருகியதும் முதல் வேலையாக, டிஸ்கைத் திறந்து ஒரு படத்தையாவது கண்ணால் பார்த்துவிடுகிறேன். லாகை நம்புவதில்லை.