விண்ணிறைவன் மெய்ப்பொருள் நூல்: ஓர் ஆராய்ச்சி

தம் சமயக் கொள்கையைப் பிறநாட்டிற் சென்று உணர்த்தப் புகுவார்க்கு இன்றியமையாதன மூன்று. கேட்போர் மொழியைப் பயிலுதல் ஒன்று. அவர் உடம்பட்ட நூல்களை அறிதல் ஒன்று. தாம் மறுக்கப் புகுங் கொள்கையை அதனையுடையார் கூறுமாறே முதற்கண் எடுத்துரைத்தல் ஒன்று. முன்னை இரண்டும் முயற்சியான் அமைவன. மூன்றாவது நடுவுநிலையானன்றி அமையாது. முன்னிரண்டானுஞ் சிறந்து, பின்னதன்கண் தளர்ந்து நிற்பதொரு நூல் உண்டு. அஃது இத்தாலி நாட்டு ஏசுசபைக் குருவாகிய மத்தேயோ ரீச்சி சீன மொழியில் இயற்றி, 1603-ஆம் ஆண்டில் பெய்கிங் நகரில் அச்சிடுவித்த 'தியென்சு ஷியி' என்பதாம். விண்ணிறைவனைப் பற்றிய மெய்ப்பொருள் என்பது அப்பெயரின் கருத்து.

ரீச்சி 1552-இல் மச்செராத்தா என்னும் ஊரிற் பிறந்தவர். 1578-இல் கோவா நகரை அடைந்து, 1580-இல் கொச்சியிற் குருப்பட்டம் பெற்று, 1582-இல் மக்காவ் சென்று சீனமொழி பயிலத் தொடங்கினார். மறு ஆண்டு சீனத்தின் உள்நாடு புக்க காலத்துப் புத்த துறவியரைப் போலத் தலை மழித்து அவருடையே உடுத்தார். அந்நாட்டிற் கற்றோர் மதிப்பு அத்துறவியரினும் கன்பூசியர் நூல் வல்ல புலவர்பாலே மிக்கிருத்தலை உணர்ந்து, 1595-இல் அப்புலவருடைக்கு மாறினார். புலவர்க்கு நட்பினைப் பற்றியதொரு சிறுநூலும், நிலவியல்பு அறிய விழைந்தார்க்கு உலகப் படமும், கணக்கு விரும்பினார்க்குச் சூ குவாங்சீ என்பாரோடு சேர்ந்து 1607-இல் வெளியிட்ட யூக்ளிட் நூலின் முதல் ஆறு பகுதிகளும் வழங்கினார். இவ்வாறு கேட்போர் தரமறிந்து கொடுத்தவர், கொள்கை பற்றி வாதிக்க வல்லார்க்கென எழுதியதே இந்நூல்.

இஃது எட்டுப் பகுதிகளையுடையது. சீனப் புலவரொருவர் வினாவ, மேனாட்டுப் புலவரொருவர் விடையிறுப்பதாக அமைந்தது. தம் மறைநூலைச் சீனர் உடம்படாமையின், அதனை அளவையாகக் காட்டாது, பெரும்பாலும் அனுமானங்கொண்டே கடவுளுண்மை நிறுவுகின்றார். அதன்மேல், சீனரின் தொன்னூல்களிற் போற்றப்படும் 'ஷாங்தி' என்னும் மேலைத் தலைவனே தாம் கூறும் விண்ணிறைவன் என்று அந்நூல்களையே சான்றாக்குகின்றார். உடம்பட்டது கொண்டு உடம்படாததனைச் சாதிக்கும் இம்முறை நன்முறையே. அவர் சபையின் தலைமையிடமாகிய உரோமை 1704-இல் அப்பெயரை வழங்கலாகாதென விலக்கி, 1715-லும் 1742-லும் அவ்விலக்கை வலியுறுத்தியதும், சீனர் தம் முன்னோர்க்குச் செய்யும் சடங்குகளை 1939-இல் ஒருவாறு ஏற்றுக்கொண்டதும் பின் நிகழ்ந்தன. அவற்றால் இந்நூலின் முறைக்குக் குற்றமின்று.

அக்காலக் கன்பூசியர் உலகிற்கு முதலாகக் கொண்ட 'லீ' என்னும் ஒழுங்கினையும் ரீச்சி ஆராய்கின்றார். குணி தன்னிலை பெற்று நிற்கும். குணம் குணியைச் சார்ந்தே நிற்கும். ஒழுங்கென்பது பொருள்களைச் சார்ந்த குணமாதலின் அதுவே பொருள்களைப் படைக்கமாட்டாது என்பது அவர் வாதம். இப்பகுப்பு அரிஸ்டாட்டில் வழியதாதலின் 'லீ' குணமன்று, முதற்பொருளே என்று கன்பூசியர் மறுத்துரைத்தல் கூடும். ஆயினும் எதிரியின் நூலைக் கற்று, அவர் சொல்லையே எடுத்து வாதித்தமையின், அவ்வாதம் வாதமெனப் பெயர் பெறுதற்கு உரியது.

இனி, புத்தரை மறுக்கும் பகுதிகளில் இந்நிலை காணப்படவில்லை. புத்தர் கூறும் சூனியத்தை வெறும் இன்மையெனக் கொண்டு, இல்லதினின்று உள்ளது தோன்றாதென மறுக்கின்றார். பொருள்கள் ஒன்றையொன்று சார்ந்து தோன்றுதலின் தமக்கெனத் தனியியல்பிலவாம் என்பதே மகாயானர் கூறும் சூனியம். அதனை இன்மையென்பார் மறுத்தது புத்தர் கொள்கையையன்று. தம் உள்ளத்து எழுந்ததொன்றையே என்க.

மறுபிறப்பினைப் பற்றிய ஐந்தாம் பகுதி இதனினும் வலிகுன்றியது. கிரேக்கராகிய பிதாகோரர் தீயோரை அச்சுறுத்தற்பொருட்டு மறுபிறப்பைக் கற்பித்தாரென்றும், அதுவே பின்னர்ப் புத்தர் உபதேசத்துட் புகுந்ததென்றும் ரீச்சி கூறுகின்றார். இதற்கு அவர் காட்டிய சான்று யாதுமில்லை. பிருகதாரணியகம், சாந்தோக்கியம் முதலிய பழைய உபநிடதங்கள் மறுபிறப்பை விரித்துரைத்தலும், நான்காண்டளவு இந்நாட்டில் வதிந்தும் அவற்றை வினாவி அறியாமையும் ஈண்டு நோக்கற்பாலன.

முற்பிறப்பு உண்டாயின் அதன் நினைவும் உண்டாதல் வேண்டும். நினைவு இன்மையின் பிறப்பும் இன்று என்பது அவரது தலைமையான மறுப்பு. தாய்வயிற்றிற் கிடந்ததனையும், குழவியாய்ப் பாலுண்டதனையும் யாரும் நினைந்திலர். அதுபற்றிக் குழவியின் உயிர் வேறு, வளர்ந்தாரது உயிர் வேறு என ரீச்சியுங் கூறார். உயிர் கருவிகளோடு கூடியவழி அறிதலும், அவை மாறியவழி மறத்தலும் நனவு கனவுகளிலேயே காணப்படுவன. இதனால் மறுபிறப்பு நிறுவப்பட்டதென்பது கருத்தன்று. நினைவின்மை அதற்குத் தடையாகாதென்பதே ஈண்டைத் துணிபு.

விலங்கு முற்பிறப்பில் நம் தந்தை தாயராயிருத்தல் கூடுமாதலின் கொல்லற்க என்பார்க்கு, அங்ஙனமாயின் எருதைப் பூட்டலும், மணஞ் செய்தலும், ஏவலாளரைக் கோடலும் ஆகாவெனவும் ரீச்சி கூறினார். இதற்கு விடை, அவர் 1610-இல் இறந்து ஐந்தாண்டின் பின்னர், சூஹோங் என்னும் புத்த துறவியாரிடமிருந்து வந்தது. தந்தை தாயராதல் கூடுமென ஐயுற்று அஞ்சுதல் வேறு, அவரேயெனத் துணிதல் வேறு. மணமும் ஏவலும் உலகியல், கொலையோ பெருங்கொடுமை. ஆதலின் இவை ஓரினமாகா என்பது அவ்விடையின் சாரம். இவ்விடையை நூலினுள்ளே எழுப்பி ஆராய ரீச்சி இடந்தந்திலர். அவர் அமைத்த எதிரி கன்பூசியப் புலவர்; புத்தநெறியார் ஒருவர் தாமே வந்து தம் பக்கம் உரைக்க அவ்வுரையாடலில் இருக்கையில்லை. 1599-இல் நான்கிங் நகரில் புத்த துறவியொருவரோடு நேரே வாதித்தவர்க்கு அவ்விருக்கை அளித்தல் அரிதன்று.

ஏசுநாதர் சிலுவையில் இறந்தமை இந்நூலிற் கூறப்படவில்லை. அவதாரமும் இறுதிப் பகுதியிற் சுருங்கவே வருகின்றது. யாங் குவாங்சியென் என்பார் 1665-இல் இதனை வஞ்சகமெனப் பழித்தார். அஃது அத்துணைப் பொருத்தமுடைத்தன்று. பக்குவம் நோக்கி முன்னது முன்னும் பின்னது பின்னும் உணர்த்தல் ஆசிரியர் மரபு. கொள்கையைத் தழுவ வந்தார்க்கு ரீச்சி வேறு நூலும் 1605-இல் வெளியிட்டார். தம் கொள்கையிற் சிறிது பின்னர்க் கூறவென வைத்தல் குற்றமன்று. பிறர் கொள்கையிற் பாதியை விடுத்து எஞ்சியதனை மறுத்தலே குற்றம்.

அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியார் பரபக்கத்துள், உலகாயதர் முதலாயினார் கொள்கையை முதலில் நிறுத்தி, அதன் பின்னரே மறுப்புக் கூறும் முறைமை இங்கு நினைக்கத்தக்கது. ரீச்சி கன்பூசியரை நண்பராக்க விழைந்தார். அவர் வெறுத்த புத்தரைத் தாமும் இகழ்தல் அந்நட்பிற்குத் துணையாயிற்று. ஓரவையின் உவப்பினைப் பெறுதற்கு அவ்வவைக்கு வாராதானை இகழ்வது எந்நாட்டார்க்கும், எச்சமயத்தார்க்கும் எளிதாகவே கைவருவதொன்று. 'ஆம், யான் கொள்வது இதுவே' என எதிரியே ஒப்புமாறு அவன் கொள்கையை உரைத்த பின்னர் எழும் மறுப்பே மறுப்பாம். அவ்வளவையால் நோக்குழி, இந்நூலின் முற்பகுதி பயிலுந்தோறும் பயன்தருவதாயும், புத்தரை மறுக்கும் பகுதி பரபக்கம் எழுதுவார்க்கெல்லாம் எச்சரிக்கையாயும் நிற்றல் தெளிவாம்.