கூடாரத்தின் உட்புறம்: கெய்ரோவின் கய்யாமிய்யாவும் குவில்ட் கண்காட்சிகளும்

இஸ்லாமிய நாகரிகத்தின் கலைச் சாதனைகள் எவை என்று கேட்டால், நம்முடைய நூல்கள் பெரும்பாலும் கல்லையும் மையையுமே சுட்டிக் காட்டுகின்றன. குர்துபாப் பள்ளிவாசலின் வளைவுகள், இஸ்ஃபஹானின் வண்ண ஓடுகள், குர்ஆன் கையெழுத்துப் பிரதிகளின் எழுத்தணி ஆகியவை பற்றி நாம் நிறையவே எழுதியும் படித்தும் இருக்கிறோம். துணியைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. கல் நிற்கும், துணி மக்கும். வெயிலிலும் மழையிலும் விரிக்கப்பட்டு, மடக்கப்பட்டு, மீண்டும் விரிக்கப்பட்ட துணி ஒரு தலைமுறைக்குள் நைந்துவிடும். அழிந்துபோகும் பொருளில் செய்யப்பட்ட கலையை வரலாறு எளிதில் மறந்துவிடுகிறது. அவ்வாறு மறக்கப்பட்டவற்றுள் ஒன்று, எவரும் எதிர்பாராத ஓரிடத்தில், போர்வை தைக்கும் பெண்கள் கூடும் கண்காட்சிகளில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுவாழ்வு பெற்றது. கெய்ரோ நகரத்துக் கூடாரத் தையற்காரர்களின் 'கய்யாமிய்யா' என்னும் கலையே அது.

பெயரிலிருந்து தொடங்குவோம். அரபியில் 'கைமா' என்றால் கூடாரம். அதன் பன்மையான 'கியாம்' என்ற சொல் திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் இடம்பெறுகிறது. கூடாரம் செய்பவர் 'கய்யாம்'. பாரசீகப் பெருங்கவிஞர் உமர் கய்யாமின் பெயரும் இத்தொழிலையே சுட்டுகிறது. கால்நடைகளின் தோலால் அமைந்த, பயண நாளிலும் தங்கும் நாளிலும் சுமப்பதற்கு இலகுவான இல்லங்களை இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயம் (16:80) எண்ணுகிறது. ஆகவே கூடாரம் என்பது நம் மரபில் ஏழைப் பயணியின் தற்காலிக நிழல் மட்டுமன்று. அது வீடு என்ற தகுதி பெற்ற பொருள். ஃபாத்திமிய ஆட்சியாளரின் அரண்மனைக் களஞ்சியங்களுள் கூடாரங்களுக்கென்றே தனிக் களஞ்சியம் ஒன்று இருந்தது.

இன்றும் கெய்ரோவில் இத்தொழிலுக்கென்று ஒரு தெரு உண்டு. 1092இல் படைத்தலைவர் பத்ருல் ஜமாலி கட்டிய ஸுவைலா வாயிலுக்கு வெளியே, தெற்கு நோக்கிச் செல்லும் சாலையில், மேற்கூரை வேய்ந்த கடைவீதி ஒன்று இருக்கிறது. உஸ்மானியர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், ரித்வான் பே கட்டிய அங்காடி அது. தெருவின் பெயரே கூடாரக்காரர் தெரு. சிறு சிறு கடைகளில், தரையிலிருந்து சற்றே உயர்ந்த மேடையில், சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை மடக்கி, முழங்கால்மேல் துணியைப் பரப்பி ஆண்கள் தைத்துக்கொண்டிருப்பார்கள்.

இங்கே ஒரு பிழையான கருத்தைக் களைய வேண்டும். கஅபாவின் கிஸ்வா 1962 வரை எகிப்திலிருந்து மக்காவுக்கு அனுப்பப்பட்டு வந்தது. அதனால் கய்யாமிய்யாவையும் கிஸ்வாவையும் ஒரே கலையாகச் சிலர் எழுதிவிடுகின்றனர். கிஸ்வாவின் எழுத்துகள் பொன்னிழையாலும் வெள்ளியிழையாலும் செய்யப்படும் பூத்தையல். கய்யாமிய்யா ஒட்டுத்தையல், அதாவது ஒரு துணியின்மேல் வேறு வண்ணத் துணிகளை வெட்டி, விளிம்பு மடித்துப் பதிக்கும் வேலை. முன்னது பொன்னைக் கொண்டு செய்யப்படுகிறது. பின்னது சாதாரணப் பருத்தித் துணியைக் கொண்டு செய்யப்படுகிறது. இந்த வேறுபாட்டில்தான் கய்யாமிய்யாவின் பெருமையே இருக்கிறது. அதன் மதிப்பில் பொருளின் பங்கு மிகச் சிறிது. ஏறத்தாழ முழுவதும் கையின் உழைப்பே.

அக்கை எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காண்போம். பழுப்பு நிறத் தாள் ஒன்றை நான்காகவோ எட்டாகவோ மடிப்பார்கள். ஒரு பகுதியில் மட்டும் கோலத்தை வரைந்து, கோடுகளின்மேல் ஊசியால் துளையிட்டுச் செல்வார்கள். தாளை விரித்தால் எட்டுப் பகுதிகளிலும் அதே கோலம் துளைகளாக விழுந்திருக்கும். அதைக் கனத்த கித்தான்மேல் பரப்பி, கரித்தூளையோ வெண்தூளையோ தேய்த்தால் புள்ளிகள் பதியும். புள்ளிகளை இணைத்துக் கோடாக்கிய பின், வண்ணத் துணியை வைத்து, பெரிய கத்தரிக்கோலால் சிறிது சிறிதாக வெட்டி, ஊசி முனையாலேயே விளிம்பை உள்ளே மடித்து, கண்ணுக்கு எளிதில் தென்படாத நுண்தையலால் அடித்தளத்தோடு பிணைப்பார்கள். பெரிய சீலை ஒன்றுக்கு மாதக்கணக்கில் உழைப்பு தேவைப்படும்.

மடித்த தாளிலிருந்து பிறப்பதால் இக்கலையின் இலக்கணம் சமச்சீர் ஆகிறது. நடுவில் ஒரு விண்மீன். அதிலிருந்து கிளைக்கும் கொடிகள். கொடிகளை அணைக்கும் தாமரை இதழ்கள். அவற்றைச் சுற்றிக் கரை. கண் எங்கே தொடங்கினாலும் நடுவுக்கே திரும்புகிறது. ஆயினும் இந்த இலக்கணத்துக்கு அடங்காத ஒன்று உண்டு, அது எழுத்து. அரபி எழுத்து வலமிருந்து இடம் செல்வது. அதை மடித்த தாளில் வரைந்தால் ஒரு பாதி சரியாகவும் மறுபாதி தலைகீழ் நிழலாகவும் வரும். ஆகவே எழுத்தை முழுமையாகத் தனியே வரைந்தாக வேண்டும். அல்லது அந்த நிழலையே அழகாக்கி, ஒன்றையொன்று எதிர்நோக்கும் இரட்டை எழுத்தாக அமைத்தாக வேண்டும். நம் எழுத்தணிக் கலைஞர்கள் 'முஸன்னா' என்று அழைக்கும் முறை இதுவே. நல்ல கய்யாமிய்யாச் சீலையில் கோலத்தின் சமநிலைக்கும் எழுத்தின் ஒருதிசை ஓட்டத்துக்கும் இடையே நடக்கும் இழுபறியைக் காணலாம். அந்த இழுபறி தீர்க்கப்பட்டிருக்கும் விதத்தை வைத்தே கைத்திறனை மதிப்பிடலாம் என்பது நம் கருத்து.

இனிக் கண்காட்சிக்கு வருவோம். ஆஸ்திரேலியத் தூதரின் துணைவியாராகக் கெய்ரோவில் வாழ்ந்த ஜென்னி பௌக்கர், தாமே தேர்ந்த குவில்ட் கலைஞர். அவருடைய முயற்சியால் 2007இல் மெல்போர்ன் நகரின் குவில்ட் மாநாட்டில் இச்சீலைகள் பார்வைக்கு வைக்கப்பட்டன. தொடர்ந்து ஐரோப்பாவிலும், பின்னர் அமெரிக்காவிலும் இவை காட்டப்பட்டன. குவில்ட் என்பது மேல்துணி, கீழ்த்துணி, நடுவே பஞ்சு என மூன்று அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை. கய்யாமிய்யாவில் பஞ்சு இல்லை. அது போர்வையும் அன்று. இலக்கணப்படி பார்த்தால் அக்கண்காட்சியில் அதற்கு இடமே இல்லை. ஆனால் அங்கே வந்தவர்கள் இலக்கணத்தைப் பார்க்கவில்லை, தையலைப் பார்த்தார்கள். விளிம்பு மடித்து ஒட்டுத்தையல் போடுவது எவ்வளவு கடினம் என்பதை விரல்நுனியால் அறிந்தவர்கள் அவர்கள். ஓர் இதழின் கூர்முனையை ஊசியால் மடித்து நிறுத்தும்போது எத்தனை முறை துணி நழுவும் என்பதை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதுவே அக்கண்காட்சிகளின் முதல் சிறப்பு. அருங்காட்சியகத்துக்கு வருபவர் 'அழகாக இருக்கிறது' என்று சொல்லிக் கடந்துபோகலாம். தானும் அதே தொழிலைச் செய்பவர் அவ்வாறு கடக்க மாட்டார். கவிதையின் அருமையைக் கவிஞர் உணர்வதுபோல், தையலின் அருமையைத் தையற்காரர் உணர்கிறார். மேலை நாடுகளில் போர்வை தைப்பது பெரும்பாலும் பெண்களின் கலை. கெய்ரோவில் இது ஆண்களின் பிழைப்பு. மொழி, சமயம், பால் ஆகிய மூன்றும் வேறுபட்ட இருசாரார் ஒரே ஊசியின் வழியாக ஒருவரையொருவர் புரிந்துகொண்டனர். பல கருத்தரங்குகளால் ஆகாத செயல் இது.

எனினும் பாராட்டோடு நின்றுவிடுவது விமர்சனம் ஆகாது. கூடாரச் சீலை எதற்காகச் செய்யப்பட்டது? அதன் வெளிப்புறம் வெறும் கித்தான், அழகெல்லாம் உட்புறத்தில். திருமணமோ, இறந்தவருக்கான துக்கக் கூட்டமோ, ரமளான் இரவோ, அங்கே வந்து அமர்ந்தவரை நாற்புறமும் அது சூழ்ந்திருக்கும். விளக்கொளியில், தூரத்திலிருந்து, பேச்சுக்கும் ஓதலுக்கும் பின்னணியாகக் காண்பதற்கு உரியது அது. குவில்ட் கண்காட்சியிலோ அதை வெள்ளொளியில், ஒரு சாண் தொலைவில், தனியாக நிறுத்திப் பார்க்கிறார்கள். மூலைகள் சேர்கின்றனவா, தையல் தெரிகிறதா என்று நோக்குவது அங்குள்ள வழக்கம். இதனால் நுண்மை வளர்கிறது, விரிவு சுருங்குகிறது. அறையை அடைத்த கோலம் சுவரில் தொங்கும் சதுரமாகவும், தலையணை உறையாகவும் ஆகிறது. மனிதனைச் சூழ்ந்திருந்தது இப்போது மனிதன் முன் நிற்கிறது.

இவ்விடத்தில் ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி நம் சிந்தனைக்கு வருகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் கொண்ட திரை ஒன்றைத் தொங்கவிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பவில்லை. அன்னையார் அதை வெட்டித் தலையணைகளாக்கிக் கொண்டார்கள். சட்ட அறிஞர்கள் இதிலிருந்து உருவங்கள் பற்றிய விதிகளை ஆராய்ந்தனர். நாம் இங்கே கவனிப்பது வேறொன்று. தொங்கவிட்டுப் பார்க்கும் துணிக்கும் அன்றாடம் பயன்படும் துணிக்கும் உள்ள வேறுபாடு நம் மரபில் அத்துணை ஆழமாக உணரப்பட்டிருக்கிறது. அங்கே துணி சுவரிலிருந்து பயன்பாட்டுக்கு இறங்கியது. இங்கே கய்யாமிய்யா பயன்பாட்டிலிருந்து சுவருக்கு ஏறியிருக்கிறது. இந்த ஏற்றம் முழுக்க முழுக்க உயர்வுதானா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆனால் இக்கேள்வியை மேலை நாட்டுக் கண்காட்சி அமைப்பாளரிடம் மட்டும் கேட்பது நேர்மையாகாது. சீலையைக் கூடாரத்திலிருந்து அகற்றியவர்கள் அவர்கள் அல்லர். அச்சிட்ட மலிவுத் துணி வந்தபோது, அதே கோலங்களை இயந்திரத்தில் பதித்துப் பெற்றுக்கொண்டது கெய்ரோ மக்களே. இன்று அங்கே திருமணப் பந்தலிலும் ரமளான் அலங்காரத்திலும் காணப்படுவது பெரும்பாலும் அந்த அச்சுத் துணிதான். 2011இன் புரட்சிக்குப் பின் சுற்றுலாப் பயணிகளும் குறைந்தபோது, கையால் தைப்பவரின் நிலை மேலும் நலிந்தது. அக்காலத்துக் கொந்தளிப்பின் நடுவே அத்தெருவின் வாழ்க்கையைக் கிம் பீமிஷ் 2015இல் வெளியிட்ட ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது. சொந்த ஊரார் விலை கொடுக்க மறுத்த உழைப்புக்கு அயலூரார் விலை கொடுத்தனர். விரல்கள் பட்டினியால் ஓய்ந்துபோவதைவிட, கோலம் சதுரமாகச் சுருங்குவது மேல் என்பதில் ஐயமில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு: பெயர் யாருடையது? பழைய சீலைகளில் வாழ்த்தும் கவிதையும் எழுத்தாக இருக்கும். தைத்தவரின் பெயரை அரிதாகவே காணலாம். கடையில் விற்கும்போதும் கடைக்காரரின் பெயரே முன்னிற்கும். கண்காட்சிகளில் கைவினைஞர்கள் தாமே சென்று, மக்கள் முன்னிலையில் அமர்ந்து தைத்துக் காட்டியபோது, துணிக்குப் பின்னிருந்த முகம் முதன்முறையாக முன்னே வந்தது. இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு நிகழ்வு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த கறுப்பினப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டது. அடிமைகளாக உழைத்தோரின் வழிவந்த அப்பெண்கள், கிழிந்த வேலை உடைகளிலிருந்து தைத்தவை அவை. அவர்களுடைய பெயர்கள் அருங்காட்சியகச் சுவரில் எழுதப்பட்டன. 2006இல் அப்போர்வைகள் அஞ்சல் தலையிலும் இடம்பெற்றன. ஆயினும் வருவாயில் தங்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று அப்பெண்களுள் சிலர் 2007இல் வழக்குத் தொடுத்தனர்; அது அடுத்த ஆண்டு தீர்த்துக்கொள்ளப்பட்டது. பெயர் கிடைப்பது ஒன்று. கூலி கிடைப்பது மற்றொன்று. கலையை வியப்பவர் இவ்விரண்டையும் கேட்டறிய வேண்டும்.

நம்மிடையே சிலர் இத்தகைய அலங்காரமெல்லாம் வீண்விரயம் அன்றோ என்று வினவக்கூடும். பகட்டுக்காகப் பொருளைக் கொட்டுவது விரயமே. ஆனால் கய்யாமிய்யாவில் கொட்டப்படுவது பொருளன்று, பொறுமை. எச்செயலையும் செம்மையாக முடித்தல் என்ற பொருளில் நம் அறிஞர்கள் வலியுறுத்தும் 'இத்கான்' என்ற பண்புக்கு, எவரும் உற்று நோக்காத கூடார உட்புறத்தில் தையல் தெரியாமல் தைத்தவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

நம் அரபிக் கல்லூரிகளில் பட்டு ஆணுக்கு ஆகுமா, உருவமுள்ள துணியில் தொழலாமா என்று துணியைப் பற்றிய சட்டங்களைப் பல ஆண்டுகள் கற்பிக்கிறோம். அத்துணியை நெய்தவர் யார், தைத்தவர் யார், அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதற்கு ஒரு பாடவேளையும் ஒதுக்குவதில்லை. சட்டம் அறிந்த மாணவன் அழகையும் அறிந்தால், அழகை அறிந்தவன் உழைத்தவனின் கூலியையும் கேட்பான். மெல்போர்னில் போர்வை தைக்கும் பெண்கள் ஒரே பார்வையில் கண்டுகொண்டதை, கியாம் என்ற சொல்லைத் தினமும் ஓதும் நாம் கண்டுகொள்ளாதிருப்பது முறையன்று.