பட்டறை டிரெய்லர்

டிராக்டர் கம்பெனியிலிருந்து வரும். அதன் பின்னால் ஓடும் டிரெய்லர் பெரும்பாலும் நம்மூர் வெல்டிங் பட்டறையில் பிறந்தது. சி சேனலில் சட்டம், மேலே தகடு, பக்கத்துக்குக் கதவு. இதுவரை யாரும் செய்துவிடலாம். கைத்தேர்ச்சி தெரிவது அச்சு வைக்கும் இடத்தில்தான். இரண்டு சக்கர டிரெய்லரில் அச்சு நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி இருக்க வேண்டும். பாரத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்கினால்தான் டிராக்டரின் பின்சக்கரம் மண்ணைப் பிடிக்கும். அச்சு முன்னே போனால் பாரம் கொக்கியைத் தூக்கும்.

முழு வெல்டிங்குக்கு முன் அங்கங்கே புள்ளி வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடிக்கிறார் மேஸ்திரி. இரண்டு குறுக்களவும் ஒன்றானால் சட்டம் கோணவில்லை. ஒரே பக்கமாகப் பற்றவைத்துக்கொண்டே போனால் சூடு இரும்பை இழுத்துவிடும். அதனால் பக்கம் மாற்றி மாற்றி வைக்கிறார்.

பெயிண்ட் என்றதும் எல்லோருக்கும் அவசரம். கசடு தட்டி, துரு தேய்த்து, பிசுக்கைத் தின்னரால் துடைத்த பிறகே ரெட் ஆக்சைடு. சேனலின் உள்மடிப்புக்கும் அடிவயிற்றுக்கும் பிரஷ் போகிறதா என்று பார்ப்பேன். துரு அங்கேதான் குடியேறும். பிறகு எனாமல் நீலம், மஞ்சள் பட்டை, குலதெய்வத்தின் பெயர். எனக்கு அந்தப் பூவேலை பிடிக்கும். ஆனாலும் பின்கதவில் சிவப்பு ரிஃப்ளெக்டருக்கு இடம் விடுங்கள், பெயிண்டரே! இருட்டில் பின்னால் வரும் பைக்குக்குக் கரும்பு டிரெய்லர் தெரிவது அதை வைத்துத்தான்.