காவியும் மூன்று நாளும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் யாருக்காவது விலாவில் ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளம்பி எரியத் தொடங்கினால், வீட்டுப் பெரியவர்கள் "அக்கி மாதிரி தெரியுது, போய் எழுதிக்கிட்டு வந்துடு" என்பார்கள். எழுதுபவர் குயவர். காவிக்கல்லை உரைத்துத் தண்ணீரில் குழைத்து, கோழி இறகாலோ குச்சியாலோ கொப்புளங்களின் மேலும் சுற்றியும் பூசுவார். சிங்க உருவம் ஒன்றை வரைந்துவிடுகிறவர்களும் உண்டு. முறை ஊருக்கு ஊர் மாறினாலும் பெரும்பாலும் மூன்று நாள் எழுத வேண்டும். அதுவரை பத்தியம், குளிக்கவும் கூடாது. கட்டணம் என்று பெரிதாக ஏதுமில்லை, வெற்றிலை பாக்கோடு வைப்பதுதான்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள், முன்னோர் கண்ட விஞ்ஞானம் என்று வாட்ஸ்அப்பில் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் அந்த மூன்று நாளைக் கணக்கில் எடுப்பதில்லை. என் விமர்சனம் முழுக்க அதன் மேல்தான்.

முதலில் குயவருக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். அவர் நோயைச் சரியாக அடையாளம் காண்கிறார். முதுகெலும்பில் தொடங்கி ஒரு பக்கமாகவே பட்டையாக ஓடும், நெஞ்சின் நடுக்கோட்டைத் தாண்டாது, தடிப்புக்கு முன்பே வலி வந்துவிடும்: இவற்றை அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். சில சமயம் உதட்டுக் கொப்புளத்தையும் வேறு தோல் நோய்களையும் அக்கிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார் என்றாலும், விலா அக்கியில் தவறுவது குறைவு. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹோப்-சிம்ப்சனும் இப்படிக் கண்ணால் பார்த்தே தொடங்கினார். ஆனால் அவர் தன்னிடம் வந்த ஒவ்வொரு நோயாளியையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். சின்னம்மையாக வந்துபோன கிருமியே நரம்பில் ஒளிந்திருந்து பல ஆண்டு கழித்து அக்கியாக எழுகிறது என்ற முடிவை, அந்தக் குறிப்பேட்டை வைத்து 1965-இல் வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாகப் பார்த்த குயவர் வீட்டில் கண் இருந்தது, குறிப்பேடு இல்லை. எழுதியபின் வலி தீராதவர் திரும்பி வருவதில்லை. வராதவர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அந்தக் கிருமி வேரிசெல்லா ஸோஸ்டர், ஹெர்பீஸ் குடும்பத்து வைரஸ். இக்குடும்பத்தின் உடலமைப்பை 1960-இல் வைல்டி, ரஸல், ஹார்ன் மூவரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இருபது முகம் கொண்ட கூட்டில் 162 புரதக் குமிழ்கள் இருப்பதை எண்ணிச் சொன்னார்கள். கூட்டின் குறுக்களவு ஏறத்தாழ 125 நானோமீட்டர். உள்ளே சுமார் 1,25,000 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. பெரும் அழுத்தத்தில் திணிக்கப்பட்டிருக்கிறது. கூட்டின் பன்னிரண்டு முனைகளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி: அதுதான் டி.என்.ஏ. நுழையவும் வெளியேறவும் உள்ள வாசல். கூட்டைச் சுற்றிப் புரதச் சேறு, அதற்கும் வெளியே கொழுப்பு உறை. அந்த உறை சோப்புக்கே கரைந்துவிடும். ஆனால் உடலுக்குள் வைரஸ் இந்தச் சட்டைகளை எல்லாம் கழற்றிவிட்டு, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் வெறும் டி.என்.ஏ. வளையமாக உறங்குகிறது. ஒரு முடிச்சில் விழித்தால் அந்த நரம்பு ஆளும் தோல்பட்டையில் மட்டும் கொப்புளம். குயவர் பார்க்கும் அந்த ஒருபக்கப் பட்டைக்கு இதுவே காரணம்.

விழித்த பிறகு நடப்பதுதான் நம் கேள்விக்கு முக்கியம். செல்லின் உட்கருவுக்குள் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. சாரப் புரதங்களைச் சுற்றிக் கூடு எழும்புகிறது. கட்டிடம் முடிந்ததும் சாரம் பிரிவதுபோல, ஒரு நொதி அவற்றை வெட்டி அகற்றுகிறது. பிறகு ஒரு மூலக்கூறு மோட்டார் அந்த ஒற்றை வாசல் வழியே டி.என்.ஏ.வை உள்ளே தள்ளுகிறது. நிரம்பிய கூடு உட்கருச் சவ்வில் ஓர் உறையைப் போர்த்தி, அடுத்த சவ்வில் அதைக் கழற்றி, செல்லின் உடற்பகுதியில் நிரந்தர உறையை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. அசைக்ளோவிர் மாத்திரை இந்த வரிசையின் முதற்படியைத்தான் மறிக்கிறது. வைரஸின் சொந்த நொதியே மருந்தைத் தூண்டி, படியெடுப்பை நடுவில் முறித்துவிடுகிறது. அதை உருவாக்கிய பணியில் முன்நின்ற கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கட்டி முடிந்த துகளை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. உறங்கும் வளையத்தையும் தொடாது. ஆகவேதான் தடிப்பு தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கு என்கிறார்கள். அக்கி எழுதும் மூன்று நாளும் இந்த 72 மணி நேரமும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே பொருந்துகின்றன. தமிழ்நாட்டில் இதைவிடக் கொடிய தற்செயல் ஒன்றை நான் அறியேன்.

காவி என்னதான் செய்கிறது? அது இரும்பு ஆக்சைடு கலந்த மண். குழைத்துப் பூசினால் குளிர்ச்சி, உலர்ந்தால் கசிவை உறிஞ்சும். மருந்துக் கடையில் கிடைக்கும் கேலமைன் லோஷனின் இளஞ்சிவப்பும் இரும்பு ஆக்சைடால் வருவதுதான். ஆனால் அதில் அரிப்பைத் தணிப்பது துத்தநாகம். நரம்பு முடிச்சுக்குள் நடக்கும் கட்டுமானத்தை எந்தப் பூச்சும் எட்டாது. இருந்தும் "எழுதினேன், இறங்கிடுச்சு" என்று ஊரே சொல்கிறது. பொய்யில்லை. கொப்புளங்கள் ஏழு முதல் பத்து நாளில் தானாகவே பொருக்குத் தட்டும். எழுதினாலும் இறங்கும், எழுதாவிட்டாலும் இறங்கும். இப்படிப்பட்ட நோயில் எந்த வைத்தியரும் தோற்க வழியே இல்லை.

நஷ்டம் மற்ற இடங்களில். நெற்றியில் வரும் அக்கி கண்ணைத் தாக்கலாம்; மூக்கு நுனியில் கொப்புளம் தெரிந்தால் அது எச்சரிக்கை. அங்கே மூன்று நாள் என்பது பார்வையின் விலை. கொப்புள நீர் பட்ட இறகு, சின்னம்மை வராத குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ கிருமியைக் கொடுக்கலாம். குளிக்காமல் மண் காய்ந்து கிடக்கும் புண்ணில் சீழ் பிடிக்கலாம். இளவயதில் அக்கி கண்டால் மருத்துவர் எச்.ஐ.வி. பரிசோதனையையும் யோசிப்பார், காவி அந்தக் கேள்வியையும் மூடிவிடுகிறது.

அதற்காக எதிர்த்தரப்பையும் புனிதமாக்க வேண்டியதில்லை. அசைக்ளோவிர் நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். கரும்பு வெட்டப் போகிறவர் அதை எப்படி ஒழுங்காக விழுங்குவார்? தடிப்பும் ஆரம்ப வலியும் குறையும், கண்ணுக்குக் காப்பு உண்டு. ஆனால் மாதக்கணக்கில் நீளும் நரம்பு வலியை அது தடுக்கிறது என்பதற்குத் திடமான சான்று கிடைக்கவில்லை. ஆராய்ச்சிக்கும் இடறல்கள் உண்டு. வேரிசெல்லா செல்லைவிட்டு எளிதில் வராத வைரஸ், தனியே பிரித்தெடுப்பது கடினம். அதனால் கூட்டமைப்பின் நுணுக்கப் படங்கள் முதலில் உதட்டுக் கொப்புள வைரஸான ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸுக்கே வந்தன. உறையில் பதிந்த ஈ கிளைக்கோபுரதத்தை அடிப்படையாக வைத்துச் செய்த தடுப்பூசி 2017-இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது, பின்னர் இந்தியாவுக்கும் வந்தது. இரண்டு தவணை, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. நீண்ட வலியைத் தடுக்க இன்று நம்மிடம் உள்ள சிறந்த வழி இதுவே. திண்டிவனத்துக் கூலிக்காரருக்கு விலையைச் சொன்னால் சிரிப்பார்.

அசைக்ளோவிர் அப்படியில்லை. அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இருப்பது. திண்டிவனம் அரசு மருத்துவமனையோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியோ பஸ் ஏறினால் எட்டும் தூரம். தடையாக நிற்பது தூரத்தைவிடப் பேச்சு. காவியோடு வருகிறவரை வெளிநோயாளி வரிசையில் எல்லோர் முன்னாலும் திட்டினால், அடுத்த முறை அவர் எழுதி முடித்து, கழுவி, காய்ந்தபின்தான் வருவார். அதற்குள் நாலாம் நாள் ஆகிவிடும். குயவரோ நோயாளியை முதலில் பார்க்கிறவர், நோயைச் சரியாகச் சொல்கிறவர், காசுக்காக இழுத்தடிக்காதவர். கொப்புளத்தைத் தொடாமல் ஓரத்தில் எழுதிவிட்டு, நெற்றியில் வந்தால் எழுதாமலே, "இன்னைக்கே மாத்திரை வாங்கிடும்மா" என்று அவர் சொல்லிவிட்டால், சிங்கம் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த ஒரு வாக்கியத்தை அவரிடம் போய்ப் பேச வேண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்காரர்கள். அம்மைத் தடுப்பூசிக்கும் போலியோ சொட்டுக்கும் தெருத்தெருவாக வருகிறவர்கள், சக்கரம் சுற்றும் வீட்டு வாசலில் மட்டும் ஏன் நிற்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.